தரம் 8 கட்டுரைகள்: எல்லாமே ‘மிகவும் அழகாக இருந்தது’தான். என்ன செய்யலாம்?

காலிவீதி_தமிழ் கேட்கிறார்:

வணக்கம். கொழும்பில் தரம் 8க்குத் தமிழ் எடுக்கிறேன். இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 35 பேர். பாடத்தை வாசிக்கிறார்கள், கேள்வி கேட்டால் வாயால் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். பேனையைப் பிடித்ததும் 70 பேரும் ஒரே ஆள் ஆகிவிடுகிறார்கள். ‘ஒரு விடுமுறை நாள்’ என்ற தலைப்புக்கு வந்த ஒரு கொப்பி:

“நாங்கள் மாலையில் காலிமுகத்திடலுக்குப் போனோம். அது மிகவும் அழகாக இருந்தது. பிறகு நாங்கள் பட்டம் விட்டோம். பிறகு இறால் வடை சாப்பிட்டோம். அது மிகவும் சுவையாக இருந்தது. பிறகு மழை வந்தது. நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.”

பிழை என்று வட்டம் போட ஒன்றும் இல்லை. ஆனால் இதற்கு எப்படிப் புள்ளி போடுவது? கிழமைக்கு 20 சொல் கொடுத்துக் கருத்தெழுதி வாக்கியம் அமைத்து வரச் சொல்லிப் பார்த்தாயிற்று. ‘பிரவாகம்’ என்ற சொல்லுக்கு வந்த வாக்கியம்: “பிரவாகம் மிகவும் நல்லது.” சொற்களைக் கூட்டுவதா, வாக்கியத்தைத் திருத்துவதா, எதில் தொடங்குவது? ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது.

சிவப்புப்பேனை:

வாக்கியத்தில் தொடங்குங்கள். அந்தக் கொப்பியிலேயே காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை சொல் என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள்: 4, 4, 4, 4, 4, 3, 3. ஏழு வாக்கியமும் தொடங்கும் சொற்கள் மூன்றே மூன்று: நாங்கள், அது, பிறகு. மழையும் ‘வந்தது’, பிள்ளைகளும் ‘வந்தோம்’. இந்தப் பிள்ளைக்குச் சொல் பஞ்சம் என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்த வாக்கியம் ஒன்றுதான், அதை ஏழு தரம் எழுதியிருக்கிறது. அந்த அச்சுக்குள் 20 புதுச் சொல்லைப் போட்டால் ‘பிரவாகம் மிகவும் நல்லது’ என்றுதான் வெளியே வரும்.

செய்யவேண்டியது வாக்கிய இணைப்பு. கொப்பியில் இருந்தே இரண்டு வாக்கியத்தை எடுங்கள்: “வடை சாப்பிட்டோம். மழை வந்தது.” இவற்றை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்?

வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.
மழை வருமுன் வடையைச் சாப்பிட்டு முடித்தோம்.
மழை வந்தும் வடைக் கடையை விட்டு நகரவில்லை.
மழை வந்ததால் வடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினோம்.

நாலும் நாலு வேறு மாலைப்பொழுது. இதைத்தான் பிள்ளைகள் பிடிக்கவேண்டும்: இணைப்பு மாறினால் நடந்ததே மாறிவிடுகிறது. அலங்காரத்துக்காக வாக்கியத்தை நீட்டச் சொல்கிறோம் என்று அவர்கள் நினைத்துவிட்டால் பயிற்சி கெட்டது. அதனால் ‘எது சரி?’ என்று கேட்காதீர்கள். ‘இதில் யார் நனைந்தது? யார் வடையை முடித்தது?’ என்று கேளுங்கள்.

15 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். அன்றைய பாடத்திலிருந்தே இரண்டு அல்லது மூன்று குறுவாக்கியத்தைப் பலகையில் எழுதுங்கள். 3 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு வாயால் இணைக்கட்டும். வாயால் முதலில், இதைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் வாயில் அவர்களுக்கு இது ஏற்கெனவே வரும். 5 நிமிடம் ஆளுக்கு இரண்டு விதமாக எழுதட்டும். மிச்ச நேரம் மூன்று பேருடைய வாக்கியத்தைப் பலகையில் போட்டு வித்தியாசத்தைக் கதையுங்கள். கிழமைக்கு மூன்று நாள் போதும். ஒரு கிழமைக்கு ஓர் இணைப்பு மட்டும்: முதல் கிழமை ‘-ததும்’, அடுத்தது ‘-ததால்’, பிறகு ‘-தும்’ (மழை வந்தும்), ‘-ஆமல்’, ‘-முன்’. ஆறாம் கிழமை பெயரெச்சம் (‘வாங்கிய வடை’ போல, பெயருக்கு முன் நிற்பது). எல்லாவற்றையும் கலந்து விடுவது அதற்குப் பிறகுதான்.

இரண்டாம், மூன்றாம் கிழமையில் ஒரு வியாதி வரும், எதிர்பார்த்திருங்கள். “காலையில் எழுந்து பல் துலக்கி முகம் கழுவி தேநீர் குடித்து உடை மாற்றி பஸ் ஏறிப் பாடசாலைக்குப் போனேன்” என்று சரக்கு ரயில் ஓடத் தொடங்கும். இணைக்கச் சொன்னதன் பலன்தான் அது. ‘எழுந்து’, ‘துலக்கி’ போன்ற எச்சம் மூன்றுக்கு மேல் போனால் நிறுத்து என்று விதி வையுங்கள். நீளமான ஒன்றுக்குப் பின்னால் இரண்டு மூன்று சொல்லில் ஒரு வாக்கியம் வரவேண்டும் என்பது அடுத்த விதி. ஓரத்தில் எண் எழுதும் பழக்கம் இதற்குத்தான்: 11, 3, 8, 5 என்று ஏறி இறங்கினால் காது ஏற்கும்.

அந்தக் கொப்பியையே திருத்திக் காட்டவேண்டுமென்றால்:

“காலிமுகத்திடலில் இறங்கியதும் காற்று தொப்பியைப் பறித்தது. நூலை விட விட, பட்டம் இன்னும் கேட்டது. சுடச்சுட வாங்கிய இறால் வடையை ஊதி ஊதிக் கடிப்பதற்குள் மழை. ஓடினோம்.”

இதில் தரம் 8 பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ‘மிகவும்’ இல்லை, ‘பிறகு’ இல்லை, ‘இருந்தது’ இல்லை.

‘இலக்கணத்தை ஒழுங்காகப் படிப்பித்தால் இதெல்லாம் தானாக வரும்’ என்று யாராவது சொல்வார்கள். ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் தரம் 4 முதல் 12 வரையான மாணவர்களின் எழுத்துப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2007இல் வெளியிட்ட அறிக்கையில், வாக்கிய இணைப்புப் பயிற்சியின் விளைவு அளவு (பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட எவ்வளவு முன்னேறினார்கள் என்று காட்டும் எண்) 0.50. இலக்கணத்தைத் தனியாகப் படிப்பித்ததன் அளவு மைனஸ் 0.32, அதாவது பின்னடைவு. தமிழைப் பற்றிய எண்கள் அல்ல இவை, அப்படியே தூக்கி இங்கே வைக்கமுடியாது. ஆனால் கலவை வாக்கியத்துக்கு வரைவிலக்கணம் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை கட்டுரையில் ஒரு கலவை வாக்கியமும் எழுதாமல் விடுவது நம் கொப்பிகளிலும் காண்கிற காட்சிதானே.

எச்சமும்_மிச்சமும்:

மேலே சொன்ன வரிசையில் ‘செய்து’ என்ற வினையெச்சம் முதலில் இல்லாதது நல்லது. அதைத்தான் கடைசியாகக் கொடுக்கவேண்டும். பிள்ளைகள் அதிகம் வழுக்குவது அதில்.

“பஸ்ஸில் ஏறி மழை பெய்தது.” ஏறியது யார், மழையா? ‘செய்து’ வந்தால் இரண்டு வினைக்கும் ஒரே எழுவாய் வேண்டும். ‘ஏறியதும்’, ‘ஏறும்போது’, ‘ஏறுமுன்’ இவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, யார் வேண்டுமானாலும் ஏறலாம், எது வேண்டுமானாலும் பெய்யலாம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று “மழை பெய்து நெல் விளைந்தது” சரிதானே என்று கேட்கும். சரிதான், இலக்கணக்காரர் காலங்காலமாகக் காட்டும் உதாரணம் அது. பெய்தது காரணம், விளைந்தது காரியம், அதனால் எழுவாய் வேறானாலும் பொருந்துகிறது. பஸ்ஸில் ஏறியது மழைக்குக் காரணம் இல்லையே.

‘-ததால்’ கிழமையில் ஒரு ‘த’ காணாமல் போகும். “மழை பெய்தால் நனைந்தோம்” என்று எழுதுவார்கள். பெய்தால் என்பது நிபந்தனை, பெய்ததால் என்பது காரணம். எழுத்துப்பிழை என்று விட்டுவிடாதீர்கள். இரண்டையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி வாக்கியத்தை முடிக்கச் சொல்லுங்கள்: ‘மழை பெய்தால் நனைவோம்’, ‘மழை பெய்ததால் நனைந்தோம்’. பின்னால் வரும் வினையின் காலம் அவர்களுக்கே காட்டிக்கொடுக்கும்.

பெயரெச்சத்தில் இடம் முக்கியம். “நேற்று வாங்கிய அண்ணாவின் சைக்கிள்” என்றால் வாங்கியது அண்ணாவா, எழுதியவரா, யாருக்குத் தெரியும்? “அண்ணா நேற்று வாங்கிய சைக்கிள்” என்று செய்தவரை முன்னுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

சொற்பெட்டி:

வாக்கியம் முதலில் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, ஆனால் சொல்லை அதற்காக ஆறு கிழமை காக்கவைக்கத் தேவையில்லை. 20ஐ 5 ஆக்குங்கள், அவ்வளவுதான்.

எந்த ஐந்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஐசபெல் பெக் குழுவினர் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். கதிரை, மழை, ஓடு போன்றவை வீட்டிலேயே வந்துவிடும். ஒளித்தொகுப்பு, அகலாங்கு போன்றவற்றை அந்தந்தப் பாட ஆசிரியர் படிப்பிப்பார். நடுவில் இருப்பவைதான் நம்முடையவை: வலியுறுத்து, புறக்கணி, தயங்கு, எதிர்கொள், ஈடுகொடு, நாளடைவில், சுட்டிக்காட்டு. வரலாற்றுப் புத்தகத்திலும் வரும், பேப்பரிலும் வரும், பிள்ளையின் வாயில் மட்டும் வராது. ‘பிரவாகம்’ இந்த நடு அடுக்கில் சேராது, அதை அடுத்த பத்து வருடத்தில் அந்தப் பிள்ளை எத்தனை தரம் சந்திக்கப்போகிறது?

கருத்து எழுதச் சொல்லவே வேண்டாம். பாதி வாக்கியத்தைக் கொடுங்கள். “ஊரவர்கள் கூட்டத்தைப் புறக்கணித்தார்கள், ஏனென்றால் ______.” “அவள் மேடைக்குப் போகத் தயங்கினாள், ஆனாலும் ______.” சொல் விளங்காமல் இந்த இடைவெளியை நிரப்பமுடியாது. ஏமாற்றவும் முடியாது.

சொல்லைக் கொடுக்கும்போது அது எந்த வேற்றுமையோடு கூடி நிற்கும் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். உதவு: அவனுக்கு. புறக்கணி: அதை. ஈடுபடு: அதில். ஈடுகொடு: அதற்கு. ‘அம்மாவை உதவினேன்’ என்று எழுதும் பிள்ளைக்கு உதவு என்றால் என்னவென்று தெரியும், அதன் கூட்டாளிதான் தெரியாது. இதிலே ஒரு பொல்லாத சோடி இருக்கிறது. ‘பரீட்சைக்குத் தோற்றினான்’ என்றால் போய் எழுதினான். ‘பரீட்சையில் தோற்றான்’ என்றால் கோட்டை விட்டான். ‘பரீட்சையில் தோற்றினான்’ என்று எழுதினால் வாசிப்பவர் பிள்ளையைப் பாராட்டுவதா, தேற்றுவதா?

ஒரு சொல்லின் விலைக்கு இரண்டு வாங்க வழி உண்டு, தமிழில் இது சுலபம்: தன்வினை, பிறவினைச் சோடிகள். நிரம்பு/நிரப்பு, திரும்பு/திருப்பு, உருள்/உருட்டு, அடங்கு/அடக்கு, மாறு/மாற்று, தேறு/தேற்று. இது சொல்வளம் மட்டும் இல்லை, வாக்கிய வகையும்கூட. “வாளி நிரம்பியது” என்றால் கண் வாளியில். “தம்பி வாளியை நிரப்பினான்” என்றால் தம்பியில். ஒரே சம்பவத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதச் சொல்லுங்கள், ‘நாங்கள்… நாங்கள்…’ என்று தொடங்கும் பழக்கம் உடைவதற்கு இதைவிட நேர்வழி எனக்குத் தெரியாது.

மீட்டலுக்கு ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். ஜெர்மானிய எழுத்தாளர் செபஸ்தியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை, அவர் ஐந்து தட்டு வைத்தார், வகுப்புக்கு மூன்று காணும். பழைய கலண்டர் மட்டையை வெட்டி அட்டை செய்யுங்கள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் இடைவெளி விட்ட வாக்கியம். முதல் தட்டு ஒவ்வொரு நாளும், இரண்டாவது திங்களும் வியாழனும், மூன்றாவது இரண்டு கிழமைக்கு ஒருக்கா. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த தட்டுக்குப் போகும், பிழைத்தால் எந்தத் தட்டில் இருந்தாலும் முதலாவதுக்குத் திரும்பும். 4 நிமிட வேலை. பெட்டி கைவிடப்படுவது எப்போதும் ஒரே காரணத்தால்: முதல் தட்டு வீங்கிவிடும். 30 அட்டைக்கு மேல் போனால் அந்தக் கிழமை புதுச் சொல் இல்லை என்று பிடிவாதமாக இருங்கள்.

அகராதி வாங்குவதென்றால் கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதற்பதிப்பு வந்தது, புதிய பதிப்புகளும் உண்டு. கருத்தோடு உதாரண வாக்கியம் தருகிறது, இலங்கை வழக்குக்குத் தனிக் குறி போட்டிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி உங்களுக்கு, பிள்ளைக்கு வேண்டாம்.

காலிவீதி_தமிழ்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு விஷயம் இன்னும் இடிக்கிறது. 70 கொப்பி திருத்துவது யார்? மற்றது, டியூஷனில் பாடமாக்கிக்கொண்டு வருகிறார்கள்: “ஆதவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான், புள்ளினங்கள் இன்னிசை பாடின.” எந்தத் தலைப்புக்கும் இதுதான் முதல் வரி. வீதி விபத்து பற்றிய கட்டுரைக்கும் ஆதவன் வந்துவிட்டான்.

வெள்ளவத்தை_மாலை:

ஆதவனை மெல்லமாக அனுப்பிவையுங்கோ. தடை போட்டால் ‘கதிரவன்’ வருவான். அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை: முதல் வாக்கியத்தில் ஓர் இடப்பெயரும் ஒரு சத்தமும் இருக்கவேண்டும். “வெள்ளவத்தைச் சந்தை முன்னால் பஸ்காரன் பிரேக் அடித்த சத்தம் கேட்டுத் திரும்பினேன்.” பாடமாக்கின வசனம் இந்த நிபந்தனைக்குள் நுழையாது.

திருத்துவதைப் பற்றி. ஒரு கொப்பிக்கு 2 நிமிடம், மொத்தம் 140 நிமிடம், அதற்கு மேல் ஒரு கிழமையில் செலவழிக்காதேங்கோ. எல்லாப் பிழையிலும் சிவப்புப் போட்டால் பிள்ளை புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடும். இரண்டே இரண்டு இடத்தில் அடிக்கோடு. ஒன்றின் பக்கத்தில் ‘இணை’ என்றும் மற்றதில் ‘வினை’ என்றும் எழுதுங்கோ. ‘இணை’ என்றால் அந்த வாக்கியத்தை முன்னதோடு சேர். ‘வினை’ என்றால் அந்த வினையை மாற்று. பிள்ளை அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் கீழே திருப்பி எழுதும். முழுக்கட்டுரையையும் திருப்பி எழுதச் சொன்னால் பிழையும் சேர்ந்து அழகான எழுத்தில் திரும்பி வரும்.

‘வினை’க்கு ஒரு சின்னப் பயிற்சி. ‘மிகவும்’ என்று எழுதினால் பக்கத்திலிருக்கிற சொல் பலவீனமானது என்று அர்த்தம். மிகவும் பயந்தான்: நடுங்கினான், வெலவெலத்தான். மிகவும் மெதுவாகச் சொன்னாள்: கிசுகிசுத்தாள், முணுமுணுத்தாள். கோபமாகப் பார்த்தார்: முறைத்தார். இதைப் பட்டியலாகக் கொடுத்தால் ஆளுக்கொரு சொல்லைப் பொறுக்கி எங்கேயாவது ஒட்டிவிடுவார்கள். நடிக்கச் சொல்லுங்கோ. ஒருவர் கிசுகிசுக்கட்டும், ஒருவர் முணுமுணுக்கட்டும், மற்றவர்கள் எது எதுவென்று கண்டுபிடிக்கட்டும். கிசுகிசுப்புக்கு இன்னொரு காது வேண்டும், முணுமுணுப்புக்கு வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். கட்டுரைக்கு இரண்டு ‘மிகவும்’, இரண்டு ‘பிறகு’ அனுமதி, மூன்றாவதுக்கு இல்லை. முழுதாகத் தடுத்தால் ‘பின்னர்’, ‘அதன்பின்’, ‘அடுத்ததாக’ என்று வேடம் மாற்றிக்கொண்டு வரும்.

கொழும்புப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று: ‘பண்ணு’ வேட்டை. வாய்ப்பேச்சில் டிசைட் பண்ணினான், ஹெல்ப் பண்ணினான், ட்ரை பண்ணினான், மிஸ் பண்ணினான். ஒரு நாளில் காதில் விழுகிற ஐந்து ‘பண்ணு’வைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கோ. தீர்மானித்தான், உதவினான், முயன்றான், தவறவிட்டான் என்று எழுத்துக்கு மாற்றினால் ஐந்தும் ஐந்து வினை. பேச்சைக் குறை சொல்லத் தேவையில்லை, அது பேச்சு, இது எழுத்து, அவ்வளவுதான்.

கொழும்பு வகுப்பில் ஒரு வரமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து வருகிற பிள்ளை, மலையகத்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை மூன்றும் ஒரே வாங்கில் இருக்கும். “மிஸ் என்னைப் பேசினா” என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்னால் ஏச்சு வாங்கியிருக்கிறது. பக்கத்தில் இருக்கிற மலையகத்துப் பிள்ளைக்குப் பேசுவது என்றால் வெறும் கதைதான். இந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு பாடவேளை எடுக்கலாம்: கதைத்தார், உரையாடினார், ஏசினார், கண்டித்தார், கடிந்துகொண்டார், திட்டினார். எதில் கோபம் கூட, எதில் அக்கறை கூட என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கோ. கடிந்துகொண்டாருக்கும் திட்டினாருக்கும் இடையில் சண்டையே வரும். வரட்டும்.

சிவப்புப்பேனை:

எச்சமும்_மிச்சமும் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ‘செய்து’ ஏழாம் கிழமைக்குப் போகட்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. முதல் நாளே ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், கெட்டிக்காரர் இரண்டு, நடுத்தரம் இரண்டு, தடுமாறுபவர் ஒன்று. ஏழாம் கிழமை முடிவில் அதே தலைப்பைக் கொடுத்து ஓரத்து எண்களை ஒப்பிடுங்கள். எத்தனை வாக்கியம் ‘நாங்கள்’ என்று தொடங்குகிறது, எத்தனை ‘இருந்தது’ என்று முடிகிறது, மிக நீண்டதற்கும் மிகக் குறுகியதற்கும் எத்தனை சொல் வித்தியாசம். இந்த மூன்று எண் போதும்.

திங்கட்கிழமைக்கு, ‘-ததும்’ பயிற்சிக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்: “மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மழை தூறியது.” மணி அடித்ததும் என்று தொடங்குபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். மழை தூறியதும் என்று தொடங்கும் ஒரு பிள்ளையாவது இருக்கும். அந்த வாக்கியத்தை முதலில் பலகையில் போடுங்கள்.